பார்த்தேன், க.மூ.

எங்கள் நூலகத்தில் புத்தகங்களைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை புதுப்பித்துக் கொடுப்போம். என்னை வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தார்கள். ஆண்டுப் பொதுக்குழுவில் 'பொருள் ஏழு: நூலகப் பொறுப்பாளர் தனக்கோடியை நிரந்தரமாக்குவது' என்று ஒரு வரி வரும். பொருள் ஆறு முடிவதற்குள் கேசரி வாசனை வந்துவிடும். 'அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது' என்று நானே குறிப்பேட்டில் எழுதிக்கொள்வேன். பதினோரு வருடமாக எழுதியதில் அந்த ஒரு வரிக்கு மட்டும் என் கையெழுத்து மிகவும் அழகாகிவிட்டது.

அல்சூர் ஏரிக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறக்கட்டளை நூலகம் அது. பதினாலாயிரம் தமிழ்ப் புத்தகங்கள், ஆறு நீள மேஜைகள், நான், அட்டெண்டர் டொமினிக். பழைய நூலகர் தொண்ணூற்றாறில் ஓய்வு பெற்றுப் போனதிலிருந்து அவர் வேலையை நான் செய்கிறேன். அவருடைய சுழல் நாற்காலியில் மட்டும் உட்காரக் கூடாது. தற்காலிக ஊழியர் அதில் உட்கார்ந்து பழகிவிட்டால் கோர்ட்டுக்குப் போய் உரிமை கொண்டாடலாம் என்று யாரோ செயலாளரிடம் சொல்லியிருந்தார்கள். அதனால் அந்த நாற்காலியில் பதினோரு வருடமாக டெலிபோன் டைரக்டரி உட்கார்ந்திருக்கிறது.

எம்.ஜி. ரோட்டில் மெட்ரோவுக்குத் தோண்ட ஆரம்பித்த அந்த வருடம் ஒத்திவைப்பும் நிச்சயமில்லை என்று ஆகிவிட்டது. உபதலைவர் சுந்தரராமனின் மச்சினி மகள் நூலகவியலில் டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். "இந்தக் காலத்துல கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளாத்தான் போடணும்" என்று அவர் கமிட்டியில் இரண்டு முறை பொதுவாகச் சொன்னார். அவர் பொதுவாகச் சொல்வது எதுவும் பொதுவாக இருந்ததில்லை. இந்தப் பொதுக்குழுவில் நான் நிரந்தரமாக வேண்டும், இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டும். நாற்பத்தாறு வயதில் வீட்டுக்குப் போய் என்ன செய்வது? அங்கே பெருக்க ஏற்கெனவே ஓர் ஆள் இருக்கிறாள். அதுவும் நான்தான்.

இந்தச் சமயத்தில்தான் செயலாளர் கணேசமூர்த்தி, அமெரிக்காவில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

மாநில அரசுத் துறை ஒன்றில் முப்பத்துநான்கு வருடம் இருந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். கெட்ட மனிதர் இல்லை. ஒரு கோப்பைக் கொடுத்தால் முதல் பக்கத்தைப் புரட்டாமல் நேராகக் கடைசிப் பக்கத்தின் அடிப்பகுதிக்குப் போய்விடுவார், அவ்வளவுதான். கவுண்டரில் நூல்கயிறு போட்டுக் கட்டிய ஒரு யோசனைப் புத்தகம் உண்டு. வாசகர்கள் குறைகளை எழுதுவார்கள். சனிக்கிழமை வந்து செயலாளர் கீழே 'பார்த்தேன், க.மூ.' என்று எழுதுவார். ஒருமுறை யாரோ 'மூன்றாம் மேஜை மின்விசிறி சுற்றவில்லை' என்று எழுதினார்கள். பார்த்தேன், க.மூ. மறுவாரம் 'இன்னும் சுற்றவில்லை' என்று எழுதினார்கள். பார்த்தேன், க.மூ. அதற்கடுத்த வாரம் செயலாளர் தலையில் மின்விசிறி முளைத்த மாதிரி ஒரு படம் வரைந்திருந்தார்கள், கண்ணாடி, மீசையோடு அச்சாக அவரே. அதையும் பார்த்தார், க.மூ.

வந்த முதல் சனிக்கிழமையே என்னைக் கூப்பிட்டார்.

"என்னம்மா, டூ பாயிண்ட் ஓ தெரியுமா?"

"ஒண்ணே தெரியாது சார்."

"அது போயிடுச்சு. நேரா ரெண்டுக்கு வந்துடலாம்." மடித்து வைத்திருந்த ஒரு தாளைப் பிரித்தார். மகன் ஊர் நூலகத்தில் ஊழியர்களுக்குக் கொடுத்த தாளாம். "இன்டர்நெட்டை இனிமே சும்மா பாத்துட்டு இருக்கக் கூடாது. பங்கேற்கணும். அங்க லைப்ரரி ஸ்டாஃப் எல்லாரும் வாரத்துக்கு ஒரு டூல் கத்துக்கறாங்க. கத்துக்கிட்டதைப் பத்தி என்ன தோணுதோ நெட்லயே எழுதறாங்க. நாமும் பண்றோம். பத்து வாரம், பத்து டூல்."

"யார் சார் பண்றது?"

"ஸ்டாஃப் எல்லாரும்."

எல்லாரும் என்றால் யார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். டொமினிக் ஏணியில் ஏறி ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தார்.

"ஜெனரல் பாடியில பெரிய ஸ்கிரீன்ல போட்டுக் காட்டறோம்," என்றார் செயலாளர். "கம்ப்யூட்டர் தெரியாதுன்னு சொல்றவங்க வாயை அடைச்சிடலாம். அதுக்கப்புறம் உன் விஷயம் தானா நடக்கும். ஆனா ஒண்ணு. ஒரு தடவை ஏறினது ஏறினதுதான். அடிக்கறது, திருத்தறது, எடுக்கறது கிடையாது. அது ரெக்கார்டு. எடுக்கணும்னா கமிட்டி தீர்மானம் வேணும்."

நூலகத்தில் புத்தகச் சேர்க்கைப் பதிவேட்டுக்கு உள்ள விதி அது. கறையான் தின்று முடித்த புத்தகத்தின் பெயரைக்கூட அதிலிருந்து நீக்க ஐந்து பேர் கையெழுத்துப் போட வேண்டும். அதே விதியை அவர் இணையத்துக்கும் போட்டார். உலகத்தில் வேறு எந்த நூலகத்திலும் வலைப்பூவைப் பதிவேடு என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

கம்ப்யூட்டர் இருந்தது. எங்கள் உறுப்பினர் இளவேனில் வேலை பார்க்கும் சாஃப்ட்வேர் கம்பெனியில் பழையதைக் கழித்தபோது ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தாள். ஆங்கிலத்தில் அடித்தால் தமிழில் விழுகிற வித்தையையும் அவளே போட்டுக் கொடுத்தாள். ஆசிரியர்? டொமினிக். ஆஸ்டின் டவுன்காரர், என்னைவிட ஐந்து வயது சின்னவர், சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து சைபர் கஃபேயில் இரண்டு வருடமாக ஆர்குட்டில் கணக்கு வைத்திருப்பவர். இத்தனை நாள் இது எனக்குத் தெரியாது.

"முந்நூத்திப் பன்னெண்டு ஃப்ரெண்ட்ஸ்க்கா," என்றார். "பாதிக்கு மேல பிரேசில்."

"அவங்க பேசறது உங்களுக்குப் புரியுதா?"

"எதுக்குக்கா புரியணும்? பொறந்தநாளுக்கு விஷ் பண்றாங்க. இங்க எவன் பண்றான்?"

முதல் வாரம் வலைப்பூவையே திறந்தோம். அடக்கமாக ஆறு வரி எழுதினேன். சனிக்கிழமை செயலாளர் வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். "கையெழுத்து எங்க போடணும்?" என்றார். கீழே பின்னூட்டப் பெட்டியைக் காட்டினேன். மேலே இருந்ததை எல்லாம் சர்ரென்று தள்ளிக்கொண்டு அங்கே போனார். ஒரு விரலால், ஒவ்வொரு எழுத்தையும் கீ போர்டில் தேடிப் பிடித்து, நான்கு நிமிடத்தில் அடித்தார். பார்த்தேன், க.மூ.

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

இரண்டாம் வாரம், செய்திகள் தாமாகவே நம்மைத் தேடி வருகிற கருவி. அதைப் பற்றி எழுதினேன்: 'இதில் புதுமை இல்லை. எங்கள் வாசகர் ஒருவர் காலை எட்டே முக்காலுக்கே வந்து எல்லாப் பேப்பரையும் படித்துவிட்டு, ஒன்பது மணிக்கு வருகிறவர்களுக்கு வாசலிலேயே செய்தியைச் சொல்லி அனுப்பிவிடுவார். அவருக்கு மின்சாரமும் தேவையில்லை.' எழுதி முடித்த பிறகு கை நிற்கவில்லை. கீழே இன்னும் ஒரு பத்தி சேர்த்தேன்: 'எங்கள் செயலாளர் அமெரிக்காவிலிருந்து ஒரு தோல் ஜாக்கெட், ஓர் இருமல், இணையத்தின் இரண்டாம் தலைமுறை ஆகிய மூன்றோடு திரும்பினார். ஜாக்கெட்டைப் பத்து நாளில் மடித்து வைத்துவிட்டார். இருமல் இரண்டு வாரத்தில் போய்விட்டது. மூன்றாவதற்குத்தான் மருந்து கிடைக்கவில்லை.'

சனிக்கிழமை வந்தார், தள்ளினார், தேடினார், அடித்தார். பார்த்தேன், க.மூ.

அதற்குப் பிறகு எனக்குக் குளிர்விட்டுப் போய்விட்டது. படிப்பவர்கள் எண்ணிக்கையைக் காட்டும் எண் பக்கத்தின் ஓரத்தில் பதினொன்று என்று நின்றது. அதில் ஆறு தடவை நான், மூன்று தடவை டொமினிக், இரண்டு தடவை செயலாளரின் ஒற்றை விரல். பூட்டிய அறையில் பேசுகிற மாதிரி எழுதினேன். மூன்றாம் வாரம், ஒவ்வொரு பக்கத்துக்கும் வாசகர்களே அடையாளச் சொல் ஒட்டுகிற கருவி. எங்கள் வாசகர்கள் இதை முப்பது வருடமாகச் செய்கிறார்கள். நாவலின் முதல் பக்கத்தில் 'முடிவு சோகம்', 'மாமியார் திருந்திவிடுவாள்', 'நூறாம் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கவும்' என்று பேனாவால் எழுதிவைப்பார்கள். அவர்களைப் பிடித்து அபராதம் போட்டிருக்கிறேன். இப்போது அதற்கு அமெரிக்காவில் மரியாதை வந்துவிட்டது என்று எழுதி, எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டேன். நான்காம் வாரம் ஆர்குட், டொமினிக்கின் பிரேசில் நண்பர்களோடு. அதில் ஒருவருக்கொருவர் நற்சான்றிதழ் எழுதிக்கொள்கிறார்கள். எங்கள் ஆண்டு விழா மலரில் கமிட்டி உறுப்பினர்கள் செய்வதும் அதுதான், போட்டோ மட்டும் பழசு என்று எழுதினேன். ஐந்தாம் வாரம், யார் வேண்டுமானாலும் யார் எழுதியதையும் திருத்தலாம் என்கிற கருவி. ஆறாம் வாரம் போட்டோ போடுவது. செயலாளர் ரிப்பன் வெட்டும் படங்கள் மட்டும் நூலகத்தில் நாற்பத்தொன்று இருந்தன. ஒரு கட்டிடத்துக்கு இத்தனை வாசல் எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தேன்.

எல்லாவற்றுக்கும் கீழே, பார்த்தேன், க.மூ.

ஏழாம் வாரம் வந்தது நாம் படித்த புத்தகங்களைப் பட்டியல் போட்டு ஊருக்குக் காட்டுகிற கருவி. அன்றைக்கு எனக்கு என்ன வந்ததோ தெரியாது. பழைய வழங்கல் ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு எழுதினேன்: 'எங்கள் செயலாளர் இதில் சேர்ந்தால் பட்டியல் போட ஒரு நிமிடம் போதும். பத்தொன்பது வருடப் பொறுப்பில் அவர் இந்த நூலகத்திலிருந்து எடுத்தது ஒரே புத்தகம். மூட்டுவலியைப் பற்றியது. 1994 மார்ச் 14-இல் எடுத்தார். இன்னும் திருப்பித் தரவில்லை. வலி தீரவில்லையா, புத்தகம் தீரவில்லையா என்பது தெரியவில்லை. புத்தகங்களை இவ்வளவு பத்திரமாக, தொடாமல் காப்பாற்றுகிற செயலாளர் வேறு எந்த நூலகத்துக்கும் கிடைக்க மாட்டார்.'

எட்டாம் வாரம், பொதுக்குழுவுக்கு எட்டு நாள் இருக்கும்போது, சனிக்கிழமை காலை இளவேனில் வந்தாள். தர்மபுரிப் பெண். எப்போதும் நான்கு புத்தகம் எடுத்துக்கொண்டு பேசாமல் போகிறவள். அன்றைக்குக் கவுண்டரில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

"மேடம், எங்க டீம்ல எல்லாரும் உங்க ஃபேன்."

"எந்த டீம்?"

"ஆபீஸ்ல. நான்தான் மொதல்ல ஃபார்வர்ட் பண்ணேன். இப்ப ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி எல்லாம் போயிடுச்சு. மூட்டுவலியைப் படிச்சுட்டு என் மேனேஜர் மீட்டிங்ல சிரிச்சுட்டாரு. ஆனா அதைவிட சூப்பர், கீழ உங்க சாரே பார்த்தேன்னு போடறாரே, அதான். அது யாரு ஐடியா மேடம், உங்களுதா?"

அவள் போன பிறகு எண்ணைப் பார்த்தேன். நாலாயிரத்து முந்நூற்றுச் சொச்சம். ஏழாம் வாரத்துக்கு மட்டும் எண்பத்தாறு பின்னூட்டம். குவைத்திலிருந்து ஒருவர் டொமினிக்கின் பிரேசில் நண்பர்களை விசாரித்திருந்தார். மற்றவர்கள் எல்லாம் செயலாளரைப் பார்த்து, அதே மாதிரி எழுதியிருந்தார்கள். பார்த்தேன், ச.வி. பார்த்தேன், மு.க.ரா. பார்த்தேன், பார்த்தேன் என்று வரிசையாக ஒரு பெரிய அலுவலகமே கையெழுத்துப் போட்ட மாதிரி இருந்தது.

மத்தியானம் செயலாளர் வந்து அந்த வரிசையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பாரும்மா. நாம போட்டதைப் பாத்து எல்லாரும் போடறாங்க. ஒழுங்கு பரவுது."

அவர் காப்பி குடிக்கப் போனதும் டொமினிக் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அக்கா, இதோ பாரு, இந்தப் பட்டன். ஒரு தட்டு. ஏழாம் வாரம் அவுட்."

"எடுக்கணும்னா கமிட்டி தீர்மானம் வேணுமே."

"சும்மா தீர்மானம் தீர்மானம்னு. உன் வேலை போயிடும்க்கா."

மவுஸில் கை வைத்தேன். 'நிச்சயமாக நீக்க வேண்டுமா?' என்று அதுவும் மரியாதையாகக் கேட்டது. யோசித்தேன். எடுத்தால், ரெக்கார்டைக் கலைத்தாள் என்று சுந்தரராமன் பிடித்துக்கொள்வார். நாலாயிரம் பேர் படித்தது எங்கேயும் போகாது. விட்டால், செயலாளரே என்னை அனுப்பிவிடுவார். இரண்டில், எழுதியதற்காகப் போவது கொஞ்சம் மரியாதை. கையை எடுத்துக்கொண்டேன். ஆனால் அந்த மனிதரைப் பொதுக்குழு முன்னால் கண்ணைக் கட்டி நிறுத்தவும் மனசு வரவில்லை. காப்பி குடித்துவிட்டு வந்தவரிடம் போனேன்.

"சார், கூட்டத்துல போடறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை எல்லாத்தையும் படிச்சிட்டா நல்லது."

"ஏன்?"

"ஒண்ணு ரெண்டு இடத்துல… கொஞ்சம் சுதந்திரமா எழுதிட்டேன்."

"என்னம்மா பேசறே?" குரல் மாறிவிட்டது. "படிக்காமயா கையெழுத்துப் போட்டேன்? முப்பத்திநாலு வருஷம் சர்வீஸ். படிக்காம ஒரு காகிதத்துல என் இனிஷியல் விழுந்ததுன்னு எவனாவது சொல்லட்டும் பார்ப்போம்."

"இல்ல சார், அதுக்குச் சொல்லல."

"போ. போய் ஸ்கிரீனுக்கு ஏற்பாடு பண்ணு."

போனேன். ஏற்பாடு பண்ணினேன். அந்த வாரம் முழுவதும், என் கையால் ஒட்டிய லேபிள்கள் எத்தனை என்று அலமாரிகளைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். பெரும்பாலும் கோணல்தான்.

பொதுக்குழுவுக்கு வழக்கமாக இருபத்துமூன்று பேர் வருவார்கள், அதில் இருபது பேர் போண்டாவுக்கு. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கே எழுபது பேர் வந்துவிட, மேஜைகளை ஓரம் தள்ள வேண்டியதாயிற்று. இளைஞர்களும் பெண்களும் முதுகுப் பையோடு வந்து சுவர் ஓரமெல்லாம் நின்றார்கள். கூட்டத்தைப் பார்த்த செயலாளர் நெகிழ்ந்துபோய் மைக்கை மூன்று தடவை தட்டினார். சுந்தரராமன் முன்வரிசையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டிப்ளமோ.

விளக்கை அணைத்தார்கள். டொமினிக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, புத்திசாலித்தனமாக முதல் வாரத்தைத் திரையில் நிறுத்தினார். என் அடக்கமான ஆறு வரி. செயலாளர் அதை மேடைக்குரலில், ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். வாசித்து முடித்து, "இப்படியாக, இந்த ஒன்பது வாரங்களில்" என்று ஆரம்பிக்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"சார், ஏழாவது வாரம்."

"ஏழு, ஏழு," என்றார்கள் சுவர் ஓரத்தில்.

செயலாளர் கையை உயர்த்தினார். "நேயர் விருப்பம். டொமினிக், ஏழைப் போடுப்பா."

"கரண்ட் போற மாதிரி இருக்கு சார்," என்றார் டொமினிக்.

"போகும்போது பார்த்துக்கலாம். போடு."

போட்டார். நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். செயலாளர் வாசித்தார். அச்சில் இருப்பது எதுவானாலும் அவர் குரலில் அது வாழ்த்துரைதான். 'எங்கள் செயலாளர் இதில் சேர்ந்தால்' என்ற இடத்தில் புன்னகையோடு தலையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார். 'பட்டியல் போட ஒரு நிமிடம் போதும்' என்பதைச் சுறுசுறுப்பைப் பற்றிய பாராட்டாக வாசித்தார். கூட்டம் சிரித்தது. உற்சாகமாகி, 'எடுத்தது ஒரே புத்தகம்' என்று குரலை உயர்த்தினார். 'மூட்டுவலியைப் பற்றியது' என்ற இடத்தில் குரல் இறங்கியது. 'இன்னும் திருப்பித் தரவில்லை' என்பது மைக்குக்கே கேட்கவில்லை. மிச்சத்தை மனசுக்குள் படித்தார். அந்த வலைப்பூவில் அவர் மனசில் வாங்கிப் படித்த முதல் பத்தி அதுதான். உதடுகள் மட்டும் அசைவதை எழுபது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

சுந்தரராமன் எழுந்தார்.

"செயலாளர் அவர்களிடம் ஒரு சந்தேகம். இந்த அம்மா இவ்வளவு துணிச்சலா, உண்மையை உண்மைன்னு எழுதியிருக்காங்க. நான் மனசாரப் பாராட்டறேன். இப்படி ஓர் ஊழியர் கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும். என் சந்தேகம் அது இல்லே. கீழே பார்த்தேன்னு உங்க கையெழுத்து இருக்கு. நீங்க இதைப் படிச்சீங்களா, இல்லையா?"

செயலாளர் தண்ணீர் குடித்தார். டம்ளரை வைத்தார். அது சரியாக மேஜை நடுவில் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை என்று சொன்னால் என்னை அங்கேயே அனுப்பிவிடலாம். ஆனால் முப்பத்துநான்கு வருடத்துக் கோப்புகள் எல்லாம் எழுந்து வந்து அவரைச் சுற்றி நிற்கும்.

"படிக்காம நான் எதுலயும் கையெழுத்துப் போட்டதில்லை," என்றார்.

"அப்ப இதையும் படிச்சீங்க."

"படிச்சேன்."

"அந்தப் புத்தகம்?"

"வீட்டுல இருக்கு. ரெஃபரன்ஸ்." யாரோ சிரித்தார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. "நான்தான் அனுமதிச்சேன். ஒரு ஊழியர் செயலாளரையே விமர்சிக்கலாம், அதை அந்தச் செயலாளரே கையெழுத்துப் போட்டு ஊருக்குக் காட்டலாம். இதுக்குப் பேர்தான் டூ பாயிண்ட் ஓ."

சுவர் ஓரத்தில் கைதட்டினார்கள். முதலில் கிண்டலாகத்தான் ஆரம்பித்தார்கள் என்று நினைக்கிறேன். நடுவில் எங்கேயோ அது நிஜமாகிவிட்டது. அவருக்கும் அது கேட்டது. முதுகு நிமிர்ந்தது. நிகழ்ச்சி நிரலை எடுத்தார்.

"பொருள் மூணிலேருந்து ஆறு வரைக்கும் அப்புறம் பார்த்துக்கலாம். பொருள் ஏழு. தனக்கோடியை நிரந்தரமாக்குவது. நான் முன்மொழியறேன். உபதலைவர் மனசாரப் பாராட்டினார். அவரே வழிமொழிவார்."

சுந்தரராமன் உட்காரப் போனவர் பாதியில் நின்றார். டிப்ளமோ அவரை நிமிர்ந்து பார்த்தாள். எழுபது பேரும் பார்த்தார்கள்.

"வழிமொழிகிறேன்," என்றார் மேடைத் தமிழில்.

குறிப்பேடு என் கையில்தான் இருந்தது. 'நிறைவேற்றப்பட்டது' என்று எழுத வேண்டும். கை பழக்கத்தில் 'அடுத்த' என்று ஆரம்பித்துவிட்டது. அடித்துவிட்டு, ஓரத்தில் இனிஷியல் போட்டுவிட்டு எழுதினேன்.

நியமன ஆணையை மறுநாள் நானே டைப் செய்தேன், வேறு யாருக்கும் டைப் செய்யத் தெரியாது. செயலாளர் அதை வாங்கி, பென்சிலை எடுத்து, முதல் வரியிலிருந்து படித்தார். ஒரு காற்புள்ளியைச் சேர்த்தார். பிறகு இரண்டாவது தடவையும் படித்தார். பிறகுதான் கையெழுத்து. வலைப்பூவை மூடச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. "பாக்கி வாரத்தையும் முடிச்சிடும்மா" என்று மட்டும் சொன்னார்.

அதிலிருந்து சனிக்கிழமைகள் கடினமாகிவிட்டன. வலைப்பூவைத் தாளில் அச்சடித்து வாங்கிக்கொண்டு இரண்டாம் மேஜையில் உட்கார்ந்துவிடுவார். பழைய வாரங்களையும் ஒவ்வொன்றாகப் படித்தார். சில இடங்களில் தோள் குலுங்கும். சிரிக்கிறாரா, வேறு ஏதாவதா என்று முதுகை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. ரிப்பன் வெட்டிய படங்கள் நாற்பத்தொன்று இல்லை, முப்பத்தெட்டுதான், மூன்றில் குத்துவிளக்கு ஏற்றுகிறேன் என்று எண்ணிப் பார்த்து வந்து சொன்னார். திருத்திக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். தீர்மானம் வேண்டும் என்றார்.

நியமன வேலைகளில் ஒரு மாதம் தள்ளிப்போன பத்தாம் வாரக் கருவி, அவரவர் எடுத்த படத்தை ஊருக்கு ஓட்டிக் காட்டுவது. நிரந்தர ஊழியராக நான் எழுதிய முதல் குறிப்பு அது. நல்ல பிள்ளையாக, கருவியைப் பற்றி மட்டும், அதன் நன்மை தீமைகளைப் பொறுப்போடு எழுதியிருந்தேன். அவர் தாளை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார். கடைசி வரி வரைக்கும் படித்தார். தாளைத் திருப்பி, பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். எழுந்து கவுண்டருக்கு வந்தார்.

"இதுல என்னைப் பத்தி ஒண்ணுமே இல்லையே?"

"இந்த வாரம் டூலைப் பத்தி மட்டும்தான் சார்."

கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார்.

"படிக்கறவங்க ஏமாந்துடுவாங்களேம்மா," என்றார்.